பருவகால கிராஃப்ட் பீர்: மரபா, விற்பனைத் தந்திரமா?

கேள்வி: இலையுதிர் காலத்துக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று கிராஃப்ட் பீர் காய்ச்சும் சிறு ஆலைகள் ஆண்டுதோறும் புதிது புதிதாக வெளியிடுகின்றன. இதன் பின்னால் உண்மையிலேயே மரபு ஏதும் இருக்கிறதா, அல்லது லேபிளை மாற்றி விற்கிறார்களா? புதிதாகத் தொடங்குபவர் எதைச் சுவைக்கலாம்?

இரண்டும் உண்டு. எது எந்த ரகம் என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: அந்தப் பருவம் பீருக்குள் என்ன வேலை செய்திருக்கிறது? குளிரோ வெயிலோ அறுவடையோ கொப்பரையிலும் பீப்பாயிலும் ஏதாவது செய்திருந்தால் அது பருவகால பீர். லேபிளில் மட்டும் பருவம் இருந்தால் அதற்காக நான் கூடுதலாகக் காசு கொடுக்க மாட்டேன்.

குளிரூட்டும் இயந்திரம் வருவதற்கு முன்பு கோடையில் பீர் காய்ச்சுவது சூதாட்டம். கொதித்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை) சாறு ஆறுவதற்குள் காற்றிலுள்ள பாக்டீரியாக்கள் புகுந்து எல்லாவற்றையும் புளிக்க வைத்துவிடும். ஜெர்மனியின் பவேரியாவில் இது அரசின் கவலையாகவே ஆகிவிட்டது. ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை, அதாவது புனித ஜார்ஜ் திருநாளிலிருந்து புனித மிக்கேல் திருநாள் வரை, யாரும் பீர் காய்ச்சக் கூடாது என்று 1553இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் கோமகனின் ஆட்சியில் ஆணை பிறந்தது. கோடை முழுவதற்கும் வேண்டிய பீரை மார்ச் மாதத்திலேயே காய்ச்சிச் சேமித்தாக வேண்டும். நாள்பட நிற்பதற்காக மால்ட்டையும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவையும் சற்றுத் தூக்கலாகப் போட்டார்கள். அப்படி வந்ததுதான் மேர்ட்சன் எனப்படும் மார்ச் பீர்.

அதைச் சேமித்த விதத்தைப் பாருங்கள். நிலவறை தோண்டி, குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியை அடுக்கினார்கள். மேலே தரை சூடாகாமல் இருக்கச் சரளைக்கல் பரப்பி, அகன்ற இலைகளும் ஆழம் போகாத வேர்களும் கொண்ட செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அந்த நிழலிலேயே பெஞ்சு போட்டு விற்கவும் தொடங்கினார்கள். மியூனிக் நகரத்தின் புகழ்பெற்ற பீர் தோட்டங்கள் வளர்ந்தது இப்படித்தான். குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சியதால், குளிரில் நிதானமாக நொதிக்கும் ஈஸ்ட் தழைத்தது. இன்று உலகம் முழுவதும் குடிக்கும் லாகர் வகை பீரின் வேர் அந்தக் குளிரில்தான் இருக்கிறது.

இன்று நமக்குத் தெரிந்த செம்பழுப்பு மேர்ட்சன் பிற்பாடு வந்தது. மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலையின் வாரிசு கேப்ரியல் செட்ல்மையரும் வியன்னாவின் அன்டன் டிரேயரும் 1833இல் பிரிட்டனுக்குப் போய், அங்குள்ள ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். உள்ளீடற்ற கைத்தடி ஒன்றில் நொதித்துக்கொண்டிருந்த சாற்றைத் திருட்டுத்தனமாக எடுத்து வந்து, அறைக்குத் திரும்பியதும் சோதித்தார்கள். சூடான காற்றில் மால்ட்டைச் சீராக உலர்த்தும் பிரிட்டிஷ் முறையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, 1841இல் இருவரும் ஆளுக்கொரு புது லாகரை வெளியிட்டார்கள். மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் விழா அதற்கு முன்பே, 1810இல், பட்டத்து இளவரசர் லுட்விக்கின் திருமணத்தையொட்டி நடந்த குதிரைப் பந்தயத்தில் தொடங்கியிருந்தது. இந்தச் செம்பழுப்பு பீர் விழாவுக்குள் நுழைந்தது 1872இல். மியூனிக்கில் இப்போது விழாக் கூடாரங்களில் ஊற்றுவது பொன்னிறமான, குடிக்க இலேசான ஃபெஸ்ட்பியர். 1970களில் பௌலானர் ஆலை அந்தப் பக்கம் திருப்பிய வழக்கம் அது. செம்பழுப்பு வகையை இன்று அமெரிக்க கிராஃப்ட் ஆலைகள்தான் அதிக அக்கறையோடு காய்ச்சுகின்றன. இதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

1870களில் ஜெர்மன் பொறியாளர் கார்ல் ஃபான் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரம் ஷ்பாட்டன் ஆலைக்குள் வந்த பிறகு, மார்ச்சில் காய்ச்ச வேண்டிய கட்டாயமே போய்விட்டது. அப்படியானால் இன்றைய மேர்ட்சன் போலியா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கட்டாயம் போனாலும், உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் முதிர வைக்கும் பொறுமையை நல்ல ஆலைகள் விடவில்லை. அந்தப் பொறுமை கிளாஸிலேயே தெரியும். முதல் வாயில் வறுபட்ட ரொட்டி ஓரத்தின் மணம் எழும்; இனிக்கப் போகிறது என்று நினைக்கும்போதே நாக்கு உலர்ந்து சுத்தமாகிவிடும். அவசரமாக இறக்கிய மேர்ட்சனில் அந்த இனிப்பு தொண்டைவரை பிசுபிசுக்கும்.

பருவத்தை இன்னும் விட்டுக்கொடுக்காத பீர் ஒன்று உண்டென்றால் அது பெல்ஜியத்தின் லாம்பிக். பிரஸ்ஸல்ஸையும் அதன் மேற்கே உள்ள பாயோட்டன்லாந்துக் கிராமங்களையும் சேர்ந்தது. இதில் ஈஸ்ட்டை யாரும் கையால் போடுவதில்லை. கொதித்த சாற்றை மேல்மாடத்தில் உள்ள அகலமான, ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி, காற்று வரும்படி திறப்புகளைத் திறந்துவிட்டு, இரவு முழுவதும் அப்படியே ஆற விடுகிறார்கள். காற்றிலும் கட்டடத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் அதில் இறங்குகின்றன. மறுநாள் காலை பீப்பாய்க்குப் போகும் சாறு, பிறகு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தானாகவே நொதிக்கிறது. ஒரு உயிரினம் ஓய்ந்தால் அடுத்தது எடுத்துக்கொள்கிறது. புளிப்பைத் தரும் லாக்டிக் பாக்டீரியாவும், பழைய மரத்தையும் வைக்கோலையும் நினைவூட்டும் மணத்தைத் தரும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டும் முறைவைத்து வேலை செய்கின்றன. இதற்கென்றே ஆண்டுக்கணக்கில் பழக வைத்த ஹாப்ஸைப் போடுகிறார்கள்; அதில் கசப்பு போய்விட்டிருக்கும், கெடாமல் காக்கும் குணம் மட்டும் நிற்கும்.

இரவு போதிய குளிர் இல்லையென்றால் இந்தக் கணக்கு முழுவதும் தவறிவிடும். வேண்டாத பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். அதனால்தான் 1900இல் தொடங்கிய பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் ஆலை ஏறத்தாழ அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை மட்டுமே காய்ச்சுகிறது. 2015 நவம்பரில் வழக்கத்துக்கு மாறாக இரவுகள் சூடாக இருந்ததால் அவர்கள் வேலையையே நிறுத்தி வைத்தார்கள். பூமி சூடாவதைப் பற்றி எத்தனையோ பேசுகிறோம். ஒரு பீரின் பருவகாலம் சுருங்குவதிலும் அது தெரிகிறது என்பது என்னை உண்மையாகவே கவலைப்பட வைக்கிறது.

இதற்கு இணையாக நான் மதிப்பது பச்சை ஹாப்ஸ் பீர். ஹாப்ஸ் பூ வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும்தான் அறுவடையாகும். பறித்த பூவில் முக்கால் பங்குக்கு மேல் நீர். விட்டுவைத்தால் சீக்கிரமே புழுங்கிக் கெட்டுவிடும் என்பதால் உடனே உலர்த்திவிடுவார்கள். உலர்த்தாமல் அப்படியே கொப்பரையில் போட வேண்டுமென்றால் தோட்டத்திலிருந்து ஆலைக்கு ஒரு நாளுக்குள் கொண்டுவர வேண்டும். உலர்ந்த பூவைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு எடை போட வேண்டும். சியரா நெவாடா ஆலை 1996இல் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கிலிருந்து பூக்களை வரவழைத்து அமெரிக்காவில் இதற்கு வழிகாட்டியது. நறுக்கிய புல், பச்சை இலைச் சாறு என்று எழும் அந்த மணம் சில வாரங்களிலேயே மங்கிவிடும். இந்த ரகத்தைச் சேர்த்து வைக்கவே கூடாது. பாட்டிலில் நிரப்பிய தேதியைப் பார்த்து வாங்கி, அந்த மாதமே குடித்துவிட வேண்டும்.

தவக்காலத்தில் உணவைக் குறைத்த மியூனிக் பௌலானர் துறவிகளின் கெட்டியான பீரிலிருந்து டாப்பல்பாக் என்ற அடர்த்தியான லாகர் வந்தது. பெல்ஜியத்தின் வாலோனியாப் பகுதிப் பண்ணைகளில் குளிர்காலத்தில் காய்ச்சி, கோடை உழைப்புக்கு வைத்துக்கொண்ட பீராக சேஸோன் அறியப்படுகிறது. தூர்ப் கிராமத்தின் டுபோன் ஆலை அதை இப்போது ஆண்டு முழுவதும் தருகிறது. நார்வேயின் பழைய குலாட்டிங் சட்டம் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கடமையாகவே விதித்து, தவறியவர்களுக்குத் தண்டமும் போட்டது. குளிர்காலக் கெட்டி பீர்கள் ஏதோ நேற்று முளைத்தவை அல்ல.

நீங்கள் சந்தேகப்படும் ரகம் பெரும்பாலும் பூசணி பீர்தான் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் குடியேற்றக் காலத்தில் மால்ட் கிடைக்காதவர்கள் பூசணியை நொதிக்க வைத்தது உண்மை. ஆனால் 1980களில் கலிபோர்னியாவின் பஃபலோ பில்ஸ் ஆலையிலிருந்து பரவிய இன்றைய வடிவத்தில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மணமே முன்னால் நிற்கிறது. அதையும் ஜூலை, ஆகஸ்டிலேயே கடைக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆண்டின் பூசணி அப்போது கொடியில்தான் இருக்கும். எனவே பீரில் இருப்பது பெரும்பாலும் முந்தைய அறுவடையின் டப்பாக் கூழ். சுவை பிடித்திருந்தால் தாராளமாகக் குடியுங்கள். பருவம் என்று மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

தொடங்குபவருக்கு என் பரிந்துரை: செம்பழுப்பு மேர்ட்சன் ஒன்று, பொன்னிற ஃபெஸ்ட்பியர் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். ஐஸ்போலக் குளிர்ந்திருந்தால் மால்ட்டின் மணம் வெளியே வராது. எட்டு அல்லது பத்து டிகிரிக்கு வரும்வரை காத்திருங்கள். லாம்பிக்கை நேராகத் தொடுவதைவிட, ஒன்று முதல் மூன்று வயதான லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்க வைத்த கியூஸ் வகையில் தொடங்கலாம். முதல் வாய் புளிப்பில் முகம் சுளிக்கும். கிளாஸை முடிக்கும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். பாதி கிளாஸுக்குப் பிறகுதான் புளிப்புக்குப் பின்னால் இருப்பவை ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்.