ஆமை கண்ணைத் திறக்கவே இல்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: நான்கு வருடமாக வீட்டில் ஓர் ஆமை வளர்க்கிறோம். கன்னத்தில் சிவப்புக் கோடு உள்ள வகை. மகளின் பிறந்தநாளுக்கு அலங்கார மீன் கடையில் வாங்கியபோது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. இப்போது என் உள்ளங்கை அளவு. ஒரு அடிக் கண்ணாடித் தொட்டியில், ஹாலில் வைத்திருக்கிறோம். கடையில் விற்கும் டப்பா தீனியும் காய்ந்த இறாலும்தான் உணவு. பத்து நாளாக எதையும் தொடவில்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருக்கின்றன. மூக்கில் குமிழ் வருகிறது. தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது. தெரிந்தவர் சொன்னார் என்று ஓட்டில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவினோம், தண்ணீரில் கல் உப்பு போட்டோம். பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவர், ஆமை பார்த்துப் பழக்கமில்லை என்கிறார். வீட்டிலேயே குணப்படுத்த வழி உண்டா?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் வீட்டில் மட்டும் வைத்துக் குணமாக்கிவிட முடியாது. மூக்கில் குமிழும், சாய்ந்து மிதப்பதும் சேர்ந்து வந்தால் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆமையின் நுரையீரல் முதுகு ஓட்டுக்கு அடியில் இடமும் வலமுமாகப் படிந்திருக்கும். அதிலுள்ள காற்றுதான் அதைத் தண்ணீரில் நேராக மிதக்க வைக்கிறது. ஒரு பக்கம் காற்று குறைந்தால் அந்தப் பக்கம் தாழும். நமக்கு இருப்பதுபோல உதரவிதானம் அதற்குக் கிடையாது. இருமி வெளியே தள்ளவும் முடியாது. அதனால்தான் இதற்கு ஊசி மருந்து தேவைப்படுகிறது.

பத்து நாள் சாப்பிடவில்லை என்பதுதான் உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்று கடிதத்தைப் படித்ததும் புரிந்தது. அந்தப் பயத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். வளர்ந்த ஆமை சில வாரங்கள்கூடப் பட்டினி தாங்கும். வாயைத் திறந்து எதையும் திணிக்காதீர்கள். இந்த வகை தண்ணீருக்குள் இருந்தால்தான் இரையை விழுங்கும். நோயுற்ற ஆமைக்கு வாயில் திணித்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கண் தெரியாத ஆமை இரையைத் தேடாது. முதலில் மூச்சு, அப்புறம் கண், அதற்கும் பிறகுதான் சாப்பாடு.

இன்றைக்கே செய்ய வேண்டியது சூடு கொடுப்பது. ஆமையின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது. சுற்றியிருக்கும் காற்றும் நீரும் எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் உடம்பும். குளிர்ந்துபோன ஆமைக்குச் செரிமானம் நடக்காது, நோயெதிர்ப்பு வேலை செய்யாது, போடும் ஊசி மருந்துகூட உடம்பில் சரியாகப் பரவாது. கோவையில் மார்கழி, தை மாத இரவுகளில் தொட்டித் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கிவிடும். ஹாலில் ஏசியும் ஓடினால் கேட்கவே வேண்டாம். ஆரோக்கியமான ஆமைக்கே தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும். நோயுற்றதற்கு அந்த அளவின் மேல்முனை வேண்டும்.

தொட்டியிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். சாய்ந்து மிதக்கும் ஆமை ஆழத் தண்ணீரில் மூழ்கிச் சாகும். அது மீன் அல்ல, தலையை மேலே தூக்கித்தான் மூச்சு விட வேண்டும். துணி துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றில் பழைய சுத்தமான துண்டை விரியுங்கள். டப்பின் ஒரு ஓரத்துக்கு மேலே 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். எல்இடி வேண்டாம், அதில் சூடு வராது. பல்புக்கு நேர் கீழே 30 முதல் 32 டிகிரி, மறு ஓரத்தில் 27 டிகிரி இருக்கட்டும். சூடு அதிகமானால் அது நகர்ந்துபோக இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு ஓரங்கள். மீன் தொட்டிக்கு விற்கும் சின்ன வெப்பமானி போதும்; கையால் தொட்டு மதிப்பிடாதீர்கள், நம் கைக்கு வெதுவெதுப்பு என்பது தப்பாகத்தான் தெரியும். பல்பைக் கம்பியில் இறுக்கிக் கட்டுங்கள், ஈரத்தில் விழுந்துவிடக் கூடாது. இரவில் வெளிச்சத்தை அணைத்தாலும் சூடு 25 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வையுங்கள். 28 டிகிரி, ஓட்டின் பாதி உயரம், அதற்கு மேல் வேண்டாம். அப்போதுதான் அது தண்ணீர் குடிக்கும், மலமும் கழிக்கும். பக்கத்திலேயே இருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமென்றால் ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்துப் பயன்படுத்துங்கள். உப்பு போட வேண்டாம். நுரையீரலில் இருக்கும் கிருமிக்கு அது எந்த விதத்திலும் உதவாது. ஓட்டில் தடவிய மஞ்சளையும் எண்ணெயையும் மென்மையான பல் துலக்கும் பிரஷால், வெறும் தண்ணீரில் தேய்த்து எடுத்துவிடுங்கள். ஓடு உயிருள்ள பகுதி, அடியில் எலும்பும் நரம்பும் ரத்த ஓட்டமும் இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கில் அழுக்கும் பூஞ்சையும்தான் ஒட்டும்.

கண்ணுக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் மட்டும். பஞ்சில் நனைத்து இமை மேல் ஒரு நிமிடம் வைத்து, மெதுவாகத் துடையுங்கள். இமையை விரலால் பிரிக்காதீர்கள். வீட்டில் மீந்திருக்கும் கண் சொட்டு மருந்தை நிச்சயம் போடாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது தொற்றை வளர்த்துவிடும்.

கண் ஏன் வீங்கியது என்பதற்கும் நுரையீரலுக்கும் தொடர்பு உண்டு. டப்பா தீனியிலும் காய்ந்த இறாலிலும் மட்டுமே வளரும் ஆமைகளுக்கு வைட்டமின் ஏ பற்றாக்குறை வருவதை அடிக்கடி பார்க்கிறேன். இந்தச் சத்து குறைந்தால் கண்ணைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் உட்தோல் தடித்து, குழாய் அடைத்து, இமை வீங்கும். அதே மாற்றம் மூச்சுப் பாதையிலும் நடக்கும், அங்கே கிருமி எளிதாகக் குடியேறும். காதுக்குள்ளும் வரலாம். சில மாதங்களுக்கு முன் ஒரு சிறுவன் டிபன் டப்பாவில் ஆமையைக் கொண்டுவந்தான். தலையின் ஒரு பக்கம் பட்டாணி அளவுக்குப் புடைத்திருந்தது. கீறி எடுத்தபோது நீர்மமாக ஒன்றும் வரவில்லை, பன்னீர்த் துண்டு போலக் கெட்டியான ஒரு உருண்டை வந்தது. ஆமையின் சீழ் அப்படித்தான், வழியாது. எந்தக் களிம்பும் அதைக் கரைக்காது. உங்கள் ஆமையின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். புடைப்பு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வைட்டமின்தானே குறை என்று நீங்களாக ஊசியோ சொட்டோ வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. வைட்டமின் ஏ அளவு மீறினால் ஆமைக்குத் தோல் உரிந்து புண்ணாகும். அதைவிட முக்கியமாக ஒன்று: நாய், மாட்டுக்கு உண்ணி, புழுவுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். கை கால் செயலிழந்து இறந்துவிடும். ஆமை பார்த்துப் பழக்கமில்லாத இடத்தில் யாராவது அதை எடுத்தால், வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் மருத்துவர் பழக்கமில்லை என்று நேராகச் சொன்னது நல்ல குணம். அவரையே, ஆமை வைத்தியம் தெரிந்த ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுச் செய்யச் சொல்லலாம். நாமக்கல், உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிகளை முதலில் அழைத்துக் கேட்டுப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903 முதல் இயங்கும் கல்லூரி அது.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து நுரையீரலின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆன்டிபயாடிக் ஊசியை முன்னங்கால் பக்கம்தான் போடுவோம். பின்பாதியின் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போவதால் மருந்து வீணாகலாம், சிறுநீரகத்துக்கும் கெடுதல். சில மருந்துகளை மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போடுவார்கள், தினமும் போடவில்லையே என்று பதற வேண்டாம். மூன்று நான்கு வாரம் ஆகும். ஆமை மெதுவாகத்தான் நோயுறும், மெதுவாகத்தான் தேறும். நீங்கள் பத்து நாளாகப் பார்க்கும் நோய் உள்ளே எப்போதோ தொடங்கியிருக்கும்.

தினமும் காலையில், ஈரம் துடைத்துவிட்டு, கிராம் காட்டும் சமையலறைத் தராசில் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த வேலையை உங்கள் மகளிடம் கொடுக்கலாம். தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியை வையுங்கள், அந்த மூடியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். ஆமையின் தோலிலும் மலத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். ஆமைக்கு ஒன்றும் செய்யாது, குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு தரும். அதனால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்க 1975 முதல் தடை உண்டு. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், முத்தம் கொடுக்க விடாதீர்கள், டப்பைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு விட்டாலும், அடி ஓட்டில் சிவப்புத் திட்டு தெரிந்தாலும், கால்கள் துவண்டு தொங்கினாலும் அன்றே கொண்டு போங்கள்.

கண் திறந்து நீந்தத் தேடும் நாளில் ஆழமில்லாத தண்ணீரில் ஒரு மண்புழுத் துண்டைப் போட்டுப் பாருங்கள். அசைவது தெரிந்தால் அதுவாகக் கடிக்கும். பிறகு முருங்கைக்கீரை, துருவிய கேரட், பூசணி. வயது கூடக் கூட இவை தழையை அதிகம் தின்னும். பசலைக்கீரையைத் தினமும் கொடுக்க வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும். ஒரு துண்டு தண்ணீரில் மிதக்கட்டும், வேண்டும்போது கொறித்துக்கொள்ளும்.

சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேர வெயில் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் பயன் இல்லை, அதற்குத் தேவையான யுவிபி கதிரைக் கண்ணாடி நிறுத்திவிடும். மருத்துவர் சரி என்றபிறகு காலை வெயிலில் மொட்டை மாடியில் இருபது நிமிடம் வையுங்கள், பாதி டப்பில் நிழல் விழும்படி. கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைக்காதீர்கள், நிமிடங்களில் கொதித்துவிடும். காக்கை வரும், கூடவே நில்லுங்கள். மாடி வசதி இல்லையென்றால் யுவிபி விளக்கு வாங்கலாம். வெளிச்சம் வந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஒரு அடித் தொட்டிக்கு அதைத் திரும்ப அனுப்ப வேண்டாம். ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது எங்கள் கணக்கு. உள்ளங்கை அளவு ஆமைக்கு 150 லிட்டர், வடிகட்டி, ஏறி உடம்பைக் காயவைக்க ஒரு கல் மேடை. பெண்ணாக இருந்தால் 30 சென்டிமீட்டர்கூட வளரும், 30 ஆண்டு வாழவும் கூடும். கடையில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முடியவில்லை என்று தோன்றினால் வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், கோயில் குளத்தில் விடாதீர்கள். மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இந்த ஆமை, உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் குளத்துக் காரை ஆமைக்கும் பாலாமைக்கும் போட்டியாகிவிடும். இதைப் படிக்கும் யாரிடமாவது நட்சத்திர ஆமையோ பாலாமையோ இருந்தால், அவற்றை வீட்டில் வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை, வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது தண்ணீர் இல்லாமல், மூடியில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் ஈரத்துண்டு விரித்துக் கொண்டு போங்கள். காரில் ஏசி வேண்டாம். தீனி டப்பாவையும், தொட்டியின் படத்தையும், மகளின் எடை நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையிலேயே கிளம்புங்கள்.