ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அரை மணி நேரம் பத்துமா?

கேள்வி: மைசூர் டூர் போனா ஸ்ரீரங்கப்பட்டணத்துல அரை மணி நேரம்தான் வண்டிய நிறுத்துறாங்க. தனியா ஒரு நாள் ஒதுக்கிப் போற அளவுக்கு அங்க என்ன இருக்கு? அம்மாவுக்குக் கோயில் பார்க்கணும், பையனுக்குப் பறவைன்னா உயிர்.

பதில்: தாராளமா ஒதுக்குங்க, ஒரு நாளே பத்தாதுன்னுதான் சொல்லுவேன். காவிரி ரெண்டா பிரிஞ்சு சுத்தி ஓட நடுவுல ஒரு தீவா இருக்கு அந்த ஊர். விடிஞ்சதும் முதல்ல பக்கத்துல இருக்கற ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போயிடுங்க, வெயில் ஏறினா பறவையும் அடங்கிடும் பையனும் சோர்ந்துடுவான். 1640கள்ல மைசூர் ராஜா ஆத்துக்குக் குறுக்க அணை கட்டினதுல உருவான திட்டுங்கதான் அது. அங்க பறவைங்க கூடு கட்டுறத பறவையியல் அறிஞர் சலீம் அலி பார்த்துட்டு எடுத்துச் சொல்லி 1940ல சரணாலயம் ஆச்சு. மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன்னு படகுல போகும்போது கிட்டவே பார்க்கலாம், பாறை மேல முதலையும் படுத்திருக்கும், அதனால கைய தண்ணியில விட வேண்டாம்.

அப்புறம் அம்மாவக் கூட்டிட்டு ரங்கநாதர் கோயில். இவர் ஆதிரங்கர், சிவனசமுத்திரத்துல மத்தியரங்கர், நம்ம ஸ்ரீரங்கத்துல இருக்கறவர் அந்தியரங்கர், மூணு பேரும் ஒரே காவிரியில பள்ளிகொண்டவங்க. திப்பு சுல்தானோட அரண்மனை இருந்த இடம் கோயிலுக்குப் பக்கத்துலதான், இந்தக் கோயிலுக்கு அவர் வெள்ளிப் பாத்திரங்கள் குடுத்திருக்கார். 1799 மே 4ல கோட்டை விழுந்தப்ப அவர் உயிர் விட்ட இடமும் நடந்து போற தூரந்தான்.

ஆனா நீங்க நிஜமா நின்னு பார்க்க வேண்டியது திப்புவோட கோடை மாளிகையான தரியா தௌலத் பாக்கோட மேற்குச் சுவர். 1780ல நம்ம காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர்ல ஹைதர் அலி, திப்பு படைகிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தோத்த சண்டைய சுவர் முழுக்க வரைஞ்சு வச்சிருக்காங்க, நடுவுல வெடிமருந்து வண்டி வெடிக்குது, தளபதி பெய்லி பல்லக்குல உக்காந்து விரலக் கடிச்சிட்டு இருக்கார். நம்ம மண்ணுல நடந்ததப் பார்க்க அவ்ளோ தூரம் போக வேண்டியிருக்கு, எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனசு வரல.

மழைக்காலத்துல ஆத்துல மேல இருக்கற கேஆர்எஸ் (கிருஷ்ணராஜ சாகர்) அணை திறந்தா படகு ஓடாது, அதனால டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் எப்போ வேணா போங்க. பைனாகுலர் மறந்துடாதீங்க.