நின்றால் உதறல், ஓடினால் சரி: இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 15 வருடப் பழைய பெட்ரோல் கார். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் உதறுகின்றன. ஆர்பிஎம் முள் 600-க்கும் 900-க்கும் நடுவே ஆடுகிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி, இன்ஜெக்டரையும் கிளீன் செய்தாயிற்று. பலனில்லை. இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓடும்போது தொந்தரவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது.

ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, காற்றை அளந்து விடும் திராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான். ஆனால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும் விசை பலமாக இருக்கும். அந்த நேரத்தில் ஏதோ ஒரு ரப்பர் ஹோஸில் சின்ன விரிசல் இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவையைக் கெடுத்துவிடும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் உள்ளே போகும் மொத்தக் காற்று பல மடங்காகிவிடுகிறது. கசிகிற காற்று அதில் ஒரு பொருட்டே இல்லை. இந்த வயதுக் காரில் ரப்பர் காய்ந்து வெடிப்பது சகஜம் என்பதால் என் முதல் சந்தேகம் காற்றுக் கசிவுதான்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஹோஸையும் விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் ஹோஸின் நடுவில் இருக்காது. குழாயில் செருகியிருக்கும் முனையில், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் இருக்கும். அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் மெதுவாக அழுத்துங்கள். எதை அழுத்தினால் ஐடிலிங் சட்டென்று மாறுகிறதோ, அந்த வழியைத் துருவிப் பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப உள்ளிழுக்கும் பிசிவி வால்வுக்குப் போகும் ஹோஸை அழுத்தினால் நல்ல காரிலும் கொஞ்சம் மாற்றம் தெரியும். அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பிரேக்கை மிதித்துப் பிடித்தால் உதறல் மாறுகிறதா, பெடல் பக்கம் ‘உஸ்’ என்று சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள். பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டரும் மேனிஃபோல்டின் உறிஞ்சலில்தான் வேலை செய்கிறது.

கார்புரேட்டர் கிளீனரை அங்கங்கே அடித்துக் கசிவு தேடுகிறவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும். எனக்கு அந்த முறை பிடிக்காது. புகை செலுத்திப் பார்க்கும் வசதியுள்ள ஒர்க்‌ஷாப் கிடைத்தால், ஓட்டை எங்கே என்று புகையே காட்டிக் கொடுத்துவிடும்.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டினால் ஃப்யூயல் ட்ரிம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று சொல்லும் எண் அது. உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள காரில் அது ஐடிலிங்கில் பிளஸ் 20 சதவீதம் வாக்கில் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பிளஸ் 3 என்று இறங்கினால் கசிவு ஏறக்குறைய உறுதி. மாறாக ஆர்பிஎம் கூடக் கூட எண்ணும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர் பக்கம் போகலாம்.

கசிவு இல்லையா? சரி, அடுத்தது திராட்டில் தட்டு உட்கார்ந்திருக்கும் திராட்டில் பாடி. தட்டின் ஓரத்தில் கரி படிந்தால் ஐடிலிங் காற்று போகும் இடுக்கு அடைபட்டு முள் இப்படித்தான் ஆடும். ஐடில் கன்ட்ரோல் வால்வையும் கூடவே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் திராட்டிலாக இருந்தால் இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தட்டில் விரல் வைக்கக் கூடாது. சுத்தம் செய்த பிறகு ஐடிலிங்கைப் புதிதாகப் பதியவைக்க வேண்டியிருக்கலாம்; முதல் நாள் ஆர்பிஎம் கூடுதலாக இருந்தால் பதறாதீர்கள். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டாலும் அறிகுறி அச்சு அசல் இதேதான்.

முள் அசையாமல் நின்று வண்டி மட்டும் உதறினால் இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு முள்ளே ஆடுகிறது.

ஒரே சிலிண்டர் மட்டும் சரியாக எரியாமல் மிஸ்ஸிங் அடித்தால் உதறல் சீரான தாளத்தில் வரும். ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை ஏதாவது பிழைக் குறியீடு வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை அடுத்ததோடு மாற்றிப் போடுங்கள். பிழைக் குறியீடும் கூடவே நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. செக் இன்ஜின் விளக்கு மினுக்கினால் மட்டும் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். வால்வு சரியாக உட்காராத சிலிண்டரும் ஐடிலிங்கில் மட்டும் தகராறு செய்யும் என்பதால் உங்கள் மெக்கானிக்கின் சந்தேகத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் இதற்குப் பிளக்கைக் கழற்றினால் போதும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. நான்கு எண்களையும் எழுதி வாங்குங்கள். ஒன்று மட்டும், இருப்பதில் அதிகமானதில் முக்கால் பங்குக்கும் கீழே இருந்தால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றுவது பற்றி அவரோடு பேசலாம்.