இலையின் மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெளிர்பச்சை: ஏன்?

மாவிலையைத் திருப்பினால் அடிப்பக்கம் ஏன் வெளிறித் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வெயில் விழுவது மேலே. அதனால் மேல்தோலுக்குக் கீழேயே பாலிசேட் எனப்படும் நீள செல்கள் நெட்டுக்குத்தாக, நெருக்கியடித்து நிற்கின்றன; பச்சையம் (பச்சை நிறமி) அடங்கிய நுண்ணுறுப்புகளான பசுங்கணிகங்கள் பெரும்பாலும் அவற்றில்தான். அவற்றுக்குக் கீழே ஸ்பாஞ்சி செல்கள், பஞ்சு மாதிரி இடைவெளி விட்டு. கார்பன் டை ஆக்சைடு உள்ளே பரவ அந்த இடைவெளி வேண்டும். அங்கே பச்சையம் குறைவு, காற்று அதிகம், நிறம் வெளிறுகிறது.

மாமரத்தில் இலைத்துளைகளும் (காற்றும் நீராவியும் போய்வரும் நுண்துளைகள்) இலையின் அடியில்தான். நேர்வெயில் படாததால் நீரிழப்பு குறையும். அரளி இன்னும் கெட்டிக்காரச் செடி: துளைகளைக் குழிக்குள் ஒளித்து, மயிர்களால் மறைத்திருக்கிறது. தாமரையில் துளைகளின் இடம் தலைகீழ். மிதக்கும் இலைக்கு அடியில் தண்ணீர், ஆகவே துளைகள் மேலே. நெல், சோளத்தில் பாலிசேட், ஸ்பாஞ்சி என்ற இரண்டு அடுக்குப் பிரிவே கிடையாது. இருபுறமும் ஏறக்குறைய ஒரே பச்சை.