கண்ணாடி ஒன்று சொல்கிறது, கேமரா வேறு சொல்கிறது

கேள்வி: வயது 49. கண்ணாடியில் பார்த்தால் திருப்தியாக இருக்கிறது. செல்ஃபி எடுத்தால் மட்டும் பத்து வயது கூடிவிடுகிறது. எது என் நிஜ முகம்?

பதில்: இரண்டுமே முழு நிஜமில்லை. கண்ணாடி இட வலம் மாற்றிக் காட்டும்; அந்தப் பிம்பம்தான் உங்களுக்குப் பழக்கம். போட்டோவில் வகிடும் புருவமும் பக்கம் மாறி வந்ததும், ஏதோ கோணலாகிவிட்டதாக மனம் பதறுகிறது. அதைவிடப் பெரிய குற்றவாளி தூரம். 30 செ.மீ. தள்ளிப் பிடித்த போனில் மூக்கு, 1.5 மீட்டரில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாக விழும். தலைக்கு மேல் விளக்கு எரிந்தால் கண்ணுக்குக் கீழுள்ள சிறு பள்ளம்கூடக் கருவளையமாகிவிடும். போனைக் கண் மட்டத்தில் சாய்த்து வைத்து, டைமர் போட்டு, ஜன்னலைப் பார்த்தபடி ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி புருவம் திருத்த மட்டும். அந்த நெருக்கத்தில் உங்களை யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி: மாதவிடாய் நின்று இரண்டே வருடத்தில் தோல் தளர்ந்துவிட்டது. பிரமையா?

பதில்: இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், முதல் 5 ஆண்டுகளில் தோலை இறுக்கமாக வைக்கும் கொலாஜன் புரதம் சுமார் 30 சதவீதம் வரை குறையலாம். பகலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கித் தடவுங்கள். பலர் பட்டாணி அளவு தடவிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். பட்டாணி அளவு ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) கிரீமுக்குத்தான். அதை இரவில், முகம் நன்றாகக் காய்ந்தபின், வாரம் 2 நாள் போடுங்கள். எடுத்ததுமே தினமும் போட்டால் தோல் உரிந்து எரியும். வித்தியாசம் தெரிய 3 மாதமாவது ஆகும்.