புயலில் சிக்கிய விசைப்படகு: கொடைக்கானல் மலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பூம்பாறை, ஜீப் ஓட்டுநர்: புயல் நேரம் பாத்துத்தான் போட் இன்ஜின் நிக்குதுன்னு சொல்றாங்களே, ஏன் சார்?

டீசல் டேங்க் அடியில் கசடும் தண்ணீரும் மாதக்கணக்கில் தங்கிக் கிடக்கும். அலை உலுக்கும்போது கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைத்துவிடும். டேங்க் வற்றும்போது உங்கள் ஜீப்பில் நடப்பதும் இதுதான். ஆனால் ஜீப்பை ஓரம் கட்டலாம். கடலில் இன்ஜின் நின்றால் அணியம், அதாவது படகின் முன்பக்கம், அலையை எதிர்த்து நிற்காது. படகு குறுக்கே திரும்பும், அடுத்த பெரிய அலை கவிழ்த்துவிடும்.

கிளம்பும் முன்பே டேங்க் அடித் திருகைத் திறந்து கசடை வடிக்க வேண்டும். மாற்று ஃபில்டர் குறைந்தது இரண்டு வேண்டும். மாற்றும்போது புது ஃபில்டரில் டீசலை நிரப்பிப் பொருத்தி, காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடித்து, பிறகு இறுக்க வேண்டும். ஆடும் படகில், இருட்டில் இதைச் செய்யத் தெரிந்த ஆள் ஒருவராவது படகில் இருந்தே ஆக வேண்டும். இன்ஜின் மறுபடி ஓடும்வரை அணியத்திலிருந்து நீளக் கயிற்றில் கடல் நங்கூரம் (தண்ணீரில் குடைபோல விரிந்து படகை இழுத்துப் பிடிக்கும் துணி) விடுங்கள். அது இல்லையென்றால் வலையைச் சுருட்டிக் கட்டி விடலாம், கயிறு புரொப்பல்லரில் சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பண்ணைக்காடு: ஒக்கிப் புயலப்போ எச்சரிக்கை ஏன் படகுகளுக்குப் போகல?

2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலம், 30-ல் புயல். கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே அவ்வளவு வேகமாக வலுத்தது. குமரி மாவட்டத் தூத்தூர் வட்டார மீன்பிடிப் படகுகளோ வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவை. படகுகளில் பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோ ஏறக்குறைய பார்வை எட்டும் தூரத்துக்குத்தான் பேசும், படகுக்குப் படகு பெரும்பாலும் 10, 15 கடல் மைல். அதைத் தாண்டினால் செயற்கைக்கோள் கருவி போல வேறு வழி வேண்டும். இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவியின் இரண்டாம் தலைமுறையில், தகவல் சேர்ந்ததற்கான பதிலும் படகுக்குத் திரும்பி வரும். படகு முங்கத் தொடங்கியபின் பொத்தானைத் தேடாதீர்கள், இன்ஜின் நின்றதுமே அழுத்துங்கள்.

கொடைக்கானல், கல்லூரி மாணவி: மீட்க வர்ற ஹெலிகாப்டர் இறக்குற கம்பியை உடனே பிடிக்கக் கூடாதாமே?

ஆமாம்மா. இறக்கைச் சுழற்சியில் ஹெலிகாப்டரில் மின்னேற்றம் சேரும். கம்பி முதலில் கடலையோ படகின் தளத்தையோ தொட்டு அந்த மின்னேற்றம் இறங்கட்டும். கம்பியைப் படகில் ஒருபோதும் கட்டக் கூடாது. தளத்தில் தெர்மாகோல் மூடி, பாலிதீன் கிடந்தால் காற்றில் எழும்பி இறக்கைக்குள் போகும், முன்பே அகற்றுங்கள்.

பெருமாள்மலை: கஜா எங்க மலை வரைக்கும் வந்துச்சே?

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறி மேற்கே நகர்ந்தது. நிலத்தில் கடல் ஈரம் கிடைக்காமல் வலுவிழந்தாலும், மிச்ச ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறிக் கொட்டித் தீர்க்கும்.

மன்னவனூர்: தம்பி விசைப்படகு வேலைக்குப் போயிருக்கான். இங்கிருந்து நான் என்ன செய்யட்டும் ஐயா?

இன்றே தம்பியிடம் கேட்டு எழுதி வையுங்கள்மா: படகின் பெயர், பதிவு எண், நிறம், புறப்பட்ட துறைமுகம், உரிமையாளர் கைப்பேசி எண், ஆட்கள் எத்தனை, கரை திரும்பும் நாள். தகவல் வராவிட்டால் முதலில் உரிமையாளரிடம் பேசுங்கள். கடலோரக் காவல்படை எண் 1554. பதிவு எண்ணும் கடைசியாகப் பேசிய நேரமும் இடமும் சொன்னால் தேட வேண்டிய பரப்பு சுருங்கும். “போன வாரம் போனான்” என்று மட்டும் சொன்னால் விமானம் எந்தப் பக்கம் பறக்கும்?