கைப்பேசி பாட்டியின் கையில் இருக்கட்டும்

கேள்வி: மதுரையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், செல்லூரில் முன்பு தறி நெய்த பெரியவர்களுக்குத் தங்கள் கதைகளைக் கைப்பேசியில் பதிந்து பகிரக் கற்றுக்கொடுக்கிறோம். கதையை அருமையாகச் சொல்கிறார்கள். கைப்பேசியை நீட்டினால் "நீயே போட்டு விடு தாயி" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆகவே நாங்களே பதிந்து, நாங்களே பகிர்கிறோம். சென்ற வாரம் ஒரு பாட்டி, தன் கொழுந்தன் குடித்தே தறியை விற்ற கதையைச் சொன்னார். அதை வாட்ஸப் குழுவில் போட்டதும் அவருடைய மகன் சண்டைக்கு வந்துவிட்டார். தொடர்வதா, நிறுத்துவதா?
— ஒரு மாணவி, மதுரை

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது நீங்கள் செய்வதைக் கற்பித்தல் என்று சொல்ல முடியாது. அது பேட்டி எடுத்தல். சாதாரண மக்கள் தங்கள் கதையைத் தாங்களே படமாக்கக் கற்பதற்கென 1990களில் கலிபோர்னியாவில் பட்டறைகள் நடந்தபோதும், 2001 முதல் பிபிசியின் வேல்ஸ் பிரிவு ஊர் ஊராகச் சென்று நடத்தியபோதும், சொல்பவரின் சொந்தக் குரலும் அவர் வீட்டுப் புகைப்படங்களும் சேர்ந்த சில நிமிடப் படத்தை, கதைக்கு உரியவரே உட்கார்ந்து செய்து முடிப்பதுதான் அந்த முறைக்கு உயிராக இருந்தது. உங்களிடம் விட்டுப்போனது அதுதான். பாட்டி ஒதுங்கியதற்கும் மகன் சண்டைக்கு வந்ததற்கும் காரணம் ஒன்றே என்று எனக்குப் படுகிறது: எதை, யாருக்கு அனுப்புவது என்ற முடிவு பாட்டியிடம் இல்லை.

காலமெல்லாம் தறியின் மிதியையும், நூலை ஊடே கொண்டுசெல்லும் நாடாவையும் ஒருசேர இயக்கியவர்களுக்கு ஒரு பொத்தான் பெரிய காரியமே இல்லை. தறியில் இழை அறுந்தால் முடிந்துகொள்ளலாம் என்று அவர்களுக்குத் தெரியும். கைப்பேசியில் கை தவறினால் என்ன ஆகும், அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாததால்தான் தயங்குகிறார்கள். ஆகவே அழிப்பதையே முதல் பாடமாக வையுங்கள். பெயரையும் தெருவையும் மட்டும் சொல்லிப் பதியட்டும், கேட்கட்டும், தம் விரலாலேயே அழிக்கட்டும். பிறகு வாட்ஸப்புக்கு வாருங்கள். அனுப்பியதை எல்லோரிடமிருந்தும் நீக்க ஏறத்தாழ இரண்டரை நாள் அவகாசம் உண்டு என்பதையும், தமக்கு மட்டும் நீக்கினால் அது தம் திரையில் மறைந்து மற்றவர்களிடம் அப்படியே இருக்கும் என்பதையும், அதற்குள் யாராவது வேறிடத்துக்கு அனுப்பியிருந்தால் திரும்பப் பெற வழியில்லை என்பதையும் இரண்டு கைப்பேசிகளை அருகருகே வைத்துச் செய்து காட்டுங்கள்.

விரல் நுனி வறண்டிருந்தால் தொடுதிரை சரியாக உணராது. ஈரத்துணியில் விரலை ஒற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். குரல் பதிவுப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க முடியாதவர், அதை மேலே தள்ளிப் பூட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டுப் பேசலாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் பாதிக் கதையை விழுங்கிவிடும். பழைய புகைப்படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்தால் பளபளப்பு விழாது. யாருடைய கடவுச்சொல்லையும் நீங்கள் கேட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். ஓடிபி கேட்டு யார் அழைத்தாலும் சொல்லக் கூடாது என்பதையும், பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவையுங்கள்.

"உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. உங்கள் வீட்டில் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் சுருள்) சுற்றியது யார், பாவு நூலுக்குக் கஞ்சி போட்டது எந்தத் தெருவில், 1993இல் வைகையில் வெள்ளம் வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் மூன்று நிமிடக் கதையாகும்.

பதிந்த அன்றே எதையும் பகிர வேண்டாம். ஓர் இரவு கழித்து, அவர் மட்டும் தனியே கேட்டபின், ஒரே ஒருவருக்கு, திருப்பூரில் வேலை பார்க்கும் பேத்திக்கோ சம்பந்தி வீட்டு அத்தைக்கோ, அவரே தேர்ந்து அனுப்பட்டும். அங்கிருந்து பதில் வந்தால் அடுத்த கதை தானாக வரும்; குழுவெல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் அவசரத்துக்குக் காரணம் முகாம் அறிக்கைக்குக் காணொளி வேண்டும் என்பதாகவும் இருக்கலாம். அப்படியானால் திட்ட அலுவலரிடம், ஏழு நாள் முகாமில் இது முடியாது, வாரம் ஒரு மாலை என்று ஆண்டு முழுவதும் நடத்த வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள். அறிக்கைக்காக ஒரு குடும்பத்தின் பழைய காயத்தைக் கிளற உங்களுக்கு உரிமை இல்லை.

கொழுந்தன் கதையைக் குழுவிலிருந்தும், உங்கள் தோழியரின் கைப்பேசிகளில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கிருந்தும் இன்றே நீக்கிவிட்டு, பாட்டியிடம் மட்டும் ஒரு பிரதியை விட்டுவையுங்கள். வீட்டு விஷயத்தைக் கேட்காமல் பொதுவில் வைத்ததற்கு மகனிடம் நேரில் போய் வருத்தம் தெரிவியுங்கள்; ஆனால் பாட்டி அதைச் சொன்னதே தவறு என்று மட்டும் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள், தறியை இழந்தவர் அவர். மகன் எதிரில் இல்லாத வேளையில் பாட்டியிடம், பெயரையும் உறவையும் விட்டுவிட்டு மறுபடி சொல்ல விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டு, தார் சுற்றிய கதைக்குப் போங்கள்.